படுவான்கரை மாணவருக்கு உயர்தரப் பாடத்தெரிவிலும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் வழிகாட்டல் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
உயர்தர, சாதாரண தர மாணவர்களின் பெற்றோர்,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு.

பெறுநர்:
மாகாணக் கல்விப் பணிப்பாளர்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
கிழக்கு மாகாணம், திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, ஆயித்தியமலை, கரடியனாறு எனப் பரந்து கிடக்கும் படுவான்கரையில் வேளாண்மையையும் மாடுகளையும் நம்பி வாழ்பவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாக உயர்தரம் படிக்கிறவர்கள். படிக்கச் சொல்ல எங்களுக்குத் தெரியும். எதைப் படித்தால் எங்கே போகலாம் என்று சொல்லத் தெரியாது. அந்த இடத்தில்தான் தங்கள் உதவியைக் கேட்டு நிற்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த 16இல் மட்டக்களப்பும் ஒன்று. ஆனால் கலைப் பிரிவுக்கு இந்த மாவட்டப் பங்கீடு பொருந்துவதில்லை. அங்கே கொழும்புப் பிள்ளையோடும் கண்டிப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் நின்றுதான் போட்டியிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரம் என்றாலே கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை வாவியைக் கடந்து நகருக்குப் போக வேண்டும், அல்லது அங்கே தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத பிள்ளை, நல்ல பெறுபேறு இருந்தும், பக்கத்தில் உள்ள கலைப் பிரிவில் சேர்ந்துவிடுகிறது. பின்தங்கிய மாவட்டம் என்று அரசாங்கம் தந்த சலுகை, மிகவும் பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைக்குக் கிட்டாமலே போகிறது. கலை படிப்பதைக் குறைவாக நாங்கள் நினைக்கவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு வழி தெரியாமல் எடுப்பது வேறு.

அண்மை ஆண்டுகளில் சாதாரண தரப் பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்புகள் தொடங்கிவிட்டதால், தெரிவு செய்யக் கிடைக்கும் காலமும் சுருங்கியிருக்கிறது. 2013 முதல் உள்ள தொழில்நுட்பப் பிரிவைப் பற்றிக்கூட எங்கள் ஊர்களில் பல பெற்றோருக்குச் சரியான விளக்கம் இல்லை.

அடுத்தது விண்ணப்பம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து, பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் இணையவழி நிரப்ப வேண்டும். அந்த ஒழுங்கும், பாடங்களை ஒப்பிடக்கூடியவாறு கணிக்கப்படும் உயர்தரப் புள்ளியான இசட் புள்ளியும் சேர்ந்துதான் பிள்ளை எங்கே போகும் என்பதை முடிவு செய்கின்றன. எங்கள் ஊரில் இந்த விண்ணப்பம் பெரும்பாலும் கொமினிகேசன் கடையில்தான் நிரப்பப்படுகிறது. கடைக்காரத் தம்பி நல்ல மனதோடுதான் உதவுகிறார், ஆனால் எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்று அவரிடம் எப்படிக் கேட்பது? சங்கீதம், நடனம், நாடகம் போன்ற பாடநெறிகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் தனியாக உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் திகதி முடிந்த பிறகே தெரியவருகிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்க, கூத்தும் வசந்தன் ஆட்டமும் ஆடிப் பழகிய எங்கள் பிள்ளைகள் அந்த வாய்ப்பை இழப்பது மிகுந்த வேதனை தருகிறது.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாழங்குடாவில் கல்வியியற் கல்லூரி, மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ்கள் என்று வழிகள் உண்டு. ஒரு பெறுபேற்றோடு எல்லாம் முடிந்தது என்று பிள்ளை ஒதுங்கிவிடுமுன் இவற்றை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். பயிற்சி பெற்ற வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் ஒருவரை, ஒவ்வொரு பாடசாலைக்கும் இல்லாவிடினும் சில பாடசாலைகளுக்குப் பொதுவாகவேனும், கிழமையில் குறித்த நாளில் வந்து போகும்படி நியமிக்க வேண்டும். 11ஆம் தரம் முடியும்போது பெற்றோரையும் அழைத்துப் பாடத்தெரிவு பற்றி விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்த பின், விண்ணப்ப முடிவுத் திகதி வரை, இணைய வசதியுள்ள ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்தைத் திறந்து வைத்து, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பகுதி மாணவர்களையும் உதவிக்கு அழைக்கலாம். அவர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள்.

விஞ்ஞான, கணித ஆசிரியர் நியமனம் உடனே ஆகக்கூடியது அல்ல என்பதை அறிவோம். அதுவரை ஒரு மத்திய பாடசாலையில் வார இறுதி வகுப்புகளையேனும் நடத்த ஒழுங்கு செய்தால் பெரும் உதவியாகும். வகுப்புகள் பகலிலேயே முடிய வேண்டும் என்பது எங்கள் விசேட வேண்டுகோள். பொழுது சாய்ந்தால் யானை வரும் பாதைகளால்தான் எங்கள் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், சைக்கிளில் வீடு திரும்ப வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின் நகருக்குப் போகும் தூரம் குறைந்தது உண்மைதான். உட்கிராமங்களிலிருந்து அந்தப் பாலம் வரை வருவதற்கு நேரத்துக்குப் பஸ் கிடைப்பதில்லை.

கூட்டங்களுக்கு மண்டபம், கதிரை, தேநீர், வளவாளருக்கான போக்குவரத்து ஆகியவற்றை நாங்கள் பொறுப்பேற்கிறோம். இம்முறை சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் பாடம் தெரிவு செய்வதற்கு முன்னரே முதலாவது கூட்டம் நடைபெறத் தாங்கள் ஆவன செய்யுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
படுவான்கரைப் பெற்றோர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர், மட்டக்களப்பு மேற்கு.