கமேலியாவின் கழுத்தைப் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி வருகிறவர்களில் சிலர் திரும்பும்போது நர்சரியில் கமேலியா என்ற பூச்செடித் தொட்டி ஒன்றையும் வாங்கிக் காரில் வைத்துக்கொள்கிறார்கள். கீழே சமவெளிக்குக் கொண்டுபோனால், வெயில் காலத்தை எப்படியோ தாண்டினாலும், அது பூக்காது. மொட்டு விரிய வாரக்கணக்கில் இரவுக் குளிர் வேண்டும். அது கிடைக்காத ஊரில் மொட்டு வைத்தாலும் பழுப்பேறி உதிர்ந்துவிடும். விற்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்கலாம். சமவெளிக்காரர்கள் அந்தக் காசுக்கு இட்லிப்பூ வாங்கலாம், வருடம் முழுக்கப் பூக்கும்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் குளிர் இருக்கிறது, மண்ணும் ஏற்றது. தேயிலையும் கமேலியா வகைதான், தேயிலை வருகிற புளிப்பு மண்ணில் இதுவும் வரும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும். அப்படியும் செடி நோஞ்சானாக நிற்கிறதென்றால், முதலில் அடித்தண்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆழமாக நட்டிருப்பார்கள்.

இதன் வேர் மேலாகப் படர்வது. தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்குள் போனால் வேருக்குக் காற்று கிடைக்காது, மழைக்காலத்தில் அழுகல் பிடிக்கும். குழியைத் தாய்மண்ணைப் போல், அதாவது தொட்டியிலிருந்து வேரோடு வரும் மண் உருண்டையைப் போல், இரண்டு மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் தாய்மண் அளவைத் தாண்ட வேண்டாம். அடியில் கிளறிப் போட்ட மண் பிறகு அமுங்கி, செடியையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். தாய்மண்ணின் மேல்பரப்பு தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்தே நிற்கட்டும். நடும் முன் குழி நிறைய நீர் ஊற்றுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மேட்டுப்பாத்தி போடுங்கள். மூடாக்காக மக்கிய இலையையோ பைன் ஊசியையோ மூன்று அங்குலம் பரப்பலாம், தண்டைத் தொடாமல்.

அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது. சாம்பல், சுண்ணாம்பு, வீடு கட்டிய சிமெண்ட் கழிவு எல்லாமே மண்ணின் புளிப்பை முறித்துவிடும். அப்போது செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். யூரியாவைக் கொட்டினால் தீராது. பூத்து முடிந்ததும் மூன்றடிச் செடிக்கு ஒரு மேசைக்கரண்டி அம்மோனியம் சல்பேட்டை, தண்டிலிருந்து ஓரடி தள்ளி, ஈர மண்ணில் தூவினால் போதும். பால், சர்க்கரை சேராத தேயிலைச் சக்கையையும் போடலாம், உறவுக்காரச் செடிதானே!

அதிகம் கேட்கப்படுவது மொட்டு உதிர்வு பற்றித்தான். பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். குளிரில் விரியும் மொட்டு பல மாதங்களுக்கு முன்பே, தளிர் முற்றியதும் நுனியில் உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் மண் காய்ந்தால் செடி உடனே காட்டிக்கொடுக்காது. மாதங்கள் கழித்து மொட்டை உதறும். ஏப்ரல், மே மாதங்களில் மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலத்தில் ஈரம் இல்லையென்றால் நீர் ஊற்றுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை குறைவு. அதனால் ஜூலை, ஆகஸ்டிலும் இந்தச் சோதனை வேண்டும்.

ஒரே நுனியில் மூன்று மொட்டு நெருக்கினால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் திருகி எடுங்கள். உருண்டு திரண்டது பூமொட்டு. மெலிந்து கூர்மையாக இருப்பது இலைமொட்டு, அதைத் தொடாதீர்கள். கிளை வெட்டும் கவாத்தைப் பூத்து முடிந்தவுடன் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

ஊட்டியில் உறைபனி விழும் இடங்களில் காலை வெயில் நேரே அடிக்கும் கிழக்குப் பக்கத்தைத் தவிருங்கள். உறைந்த மொட்டு சட்டென உருகினால் இதழ் கருகும். சில்வர் ஓக்கின் சன்ன நிழல் நல்லது. யூகலிப்டஸ் அருகில் வேண்டாம், மண் ஈரத்தை அதுவே குடித்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்