பூதம் கதவு சாத்தப் பழகுகிறது

அன்புள்ள நண்பா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான். மொட்டை மாடிச் சண்டைக்குப் பிறகு நாம் இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை. "இந்தப் பூதத்தோடு மூன்று பக்கத்துக்கு மேல் என்னால் இருக்க முடியாது" என்று என் நாவலைத் திருப்பி அனுப்பினாயே, வலித்தது. வீட்டில் எல்லோரும் நலம். அக்கா இன்னும் உன் கட்சிதான்.

நீ சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டு நான் செய்ததுதான் தப்பு. உனக்குப் பிடிக்கட்டும் என்று பூதத்தின் பல்லைப் பிடுங்கினேன். சின்ன வயதில் பட்ட அடி, செத்துப்போன தாய் என்று பரிதாபத்தை அள்ளிக் கொட்டினேன். பயம் போனது, கூடவே கதையும் போனது.

அப்புறம்தான் 1818இல் வந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை மறுபடி எடுத்தேன். அதில் ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்த கோர உருவம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, அந்தக் குடிசையில் வாழும் குடும்பத்தின் சாப்பாட்டைத் திருடுகிறது. அவர்களே அரைப் பட்டினி என்று தெரிந்ததும் திருட்டை விட்டுவிட்டுக் காட்டில் கொட்டையும் கிழங்கும் தேடித் தின்கிறது. ராத்திரியில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு சிறுவனின் கழுத்தை நெரிப்பதும் அதே கைதான். ஷெல்லி இரண்டில் எதையும் மறைக்கவில்லை.

என் பூதம் இப்போது கதவு சாத்தப் பழகுகிறது. நகம் ஒவ்வொன்றும் அரிவாள் நீளம். தொட்ட கதவையெல்லாம் பிளந்தே பழகிய கை. ஆளில்லாத ஊரில் வீடு வீடாகப் போய், நகத்தை மடக்கி, முட்டியால் தள்ளி, சத்தமில்லாமல் தாழ் போடப் பார்க்கிறது. ஏழு கதவு உடைகிறது. எட்டாவது சாத்திக்கொள்கிறது. ஏன் பழகுகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் ஏன் காலியானது என்பதை மட்டும் அதே பக்கத்தில் சொல்லிவிட்டேன்.

கொலைகளை எடுத்துவிடச் சொன்னாயே, அது மட்டும் மாட்டேன். செத்தவர்களுக்கு நான் செய்யும் துரோகம் அது. அவர்களில் ஒருத்தியின் தங்கை கதை முழுக்க வருகிறாள். கடைசிவரை மன்னிக்க மாட்டாள். அவள் வாயைத் திறந்தால் நியாயம் அவள் பக்கம்தான். அதைக் கேட்ட பிறகும் ‘ஐயோ, இது பிழைக்கணுமே’ என்று வாசகர் மனசு பதற வேண்டும்.

ஏழாம் அத்தியாயத்தை மட்டும் அனுப்புகிறேன். பென்சிலோடுதான் உட்காருவாய், தெரியும். எந்த வரியில் பூதத்தை வெறுக்கிறாயோ அங்கே ஒரு கோடு போடு. எங்கே உன்னையறியாமல் அதன் பக்கம் சாய்கிறாயோ அங்கேயும் ஒன்று. இரண்டு கோடும் ஒரே பக்கத்தில் விழுந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

உன் நண்பன்