ஆர்வம் குறைந்தது யாருக்கு?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பாடசாலை ரோபோ குழுக்களைப் பற்றி எழுதிய உங்கள் செய்தியாளர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். நல்லது. ஒரு சனிக்கிழமை அவரும் கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து எங்கள் ரோபோ குழுவைப் பார்க்கலாமே.

நான் பொறியியலாளன் அல்ல. வெள்ளவத்தையில் முப்பது வருடம் ரேடியோ, டீவி திருத்தியவன். பேரனை அந்தக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் "அங்கிள், சோல்டர் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அன்று மாட்டியவன்தான். முன்பு சொல்லிக்கொடுத்த தம்பி 2022இல், பெற்றோல் வரிசைக் காலத்தில், வெளிநாடு போய்விட்டார். பிறகு மொறட்டுவ கம்பஸ் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். இறுதியாண்டுப் பரீட்சை வந்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ரோபோ வண்டி தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் வழியே ஓடும், வளைவு வந்தால் நின்றுவிடும். பிள்ளைகள் மூன்று சனிக்கிழமையாக நிரலை மாற்றி மாற்றி எழுதினார்கள். நான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பற்றரியில் 7.4 வோல்ட், மோட்டர் முனையில் 5.2. நடுவில் இருந்த, மோட்டரை இயக்கும் எல்298என் பலகை இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் சுபாவமே அதுதான். என்னை மேதை என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த வாரம், வண்டி கோட்டிலிருந்து விலகாமல் திருத்தும் பிஐடி கணக்காம், அது என்ன என்று கேட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய மாணவர் சங்கத்தில் என்ஜினியர்மாருக்குப் பஞ்சமில்லை. இராப்போசனத்துக்கு வருவார்கள், கிரிக்கெட் மட்ச்சுக்கு டீசேர்ட் அடிப்பார்கள். பிள்ளைகள் ஒரு போட்டியில் மூன்றாமிடம் வந்தபோது படமெடுக்க எட்டுப் பேர் வந்தார்கள். அந்தப் படத்தைப் போட்டது உங்கள் பத்திரிகைதான், மறந்திருக்க மாட்டீர்கள். பிரதம விருந்தினர் பெயர், அவர் பாரியார் பெயர் எல்லாம் இருந்தது. வண்டியைச் செய்தவர்கள் "மாணவர்களையும் படத்தில் காணலாம்" ஆகிவிட்டார்கள்.

கேட்டால் காசு தருகிறேன் என்கிறார்கள். மோட்டரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாங்களே பேரம் பேசி வாங்கிக்கொள்வோம், ஐயா. ஆள்தான் இல்லை. சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நிரல் தெரிந்த ஒருவர், கணக்கு எழுத ஒருவர், போட்டி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத உதவ ஒருவர். பட்டம் தேவையில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தால் சரி.

தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மற்றதை வெட்டினாலும் இந்தக் கோரிக்கையையாவது போடுங்கள். இடமில்லையென்றால் மரண அறிவித்தல் பக்கத்தின் அடியில் போட்டாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீவி திருத்துநர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.