பருத்தி வரியை விதைப்புக்கு முன் அறிவியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாலர் ஏறினால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்றும், பருத்தி இறக்குமதி வரியை நீக்கினால் ஆலைகளுக்கு லாபம், விவசாயிக்கு நட்டம் என்றும் பரவலாக எழுதப்படுகிறது. நான் திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன்; என் தம்பி பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாகப் பருத்தி பயிரிடுகிறார். இரு தரப்புக் கணக்கும் ஒரே வீட்டில் பேசப்படுவதால், மேற்சொன்ன பேச்சில் பாதிதான் உண்மை என்று எங்களுக்குத் தெரியும். வரி இருப்பதோ இல்லாததோ அல்ல, அது எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதே எங்கள் இருவரையும் வாட்டுகிறது.

2021 பட்ஜெட்டில் பருத்திக்கு 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. பஞ்சு விலை உச்சத்துக்குப் போன 2022ஆம் ஆண்டில் ஏப்ரல் 14 முதல் அக்டோபர் இறுதி வரை அது விலக்கப்பட்டு, பிறகு திரும்பவும் விதிக்கப்பட்டது. அமெரிக்கா நம் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தவிருந்த வேளையில், 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை மீண்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசிலிலோ அமெரிக்காவிலோ இன்று பஞ்சு பேசினால் அது தூத்துக்குடிக்கு வந்து சேர ஒன்றரை மாதமாவது ஆகும் என்பதால், இந்த ஆறு வாரச் சலுகை ஏற்கெனவே கடலிலும் துறைமுகக் கிடங்கிலும் இருந்த சரக்குக்குத்தான் பெரும்பாலும் பயன்பட்டிருக்கும். அதை உணர்ந்தோ என்னவோ, பத்து நாள் கழித்து விலக்கு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கப் பஞ்சை வாங்கி அமெரிக்காவைச் சமாதானப்படுத்தும் எண்ணமும் இதில் இருந்திருக்கலாம். அது தனி விவாதம்.

ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா பருத்தி சந்தைக்கு வந்து குவியும். நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் என்று மே மாத இறுதியில் அறிவிக்கப்பட்ட ஆதரவு விலையையும், அப்போது நடப்பிலிருந்த 11 சதவீத வரியையும் நம்பி அந்த விவசாயிகள் விதைத்தார்கள். செடி வளர்ந்து நிற்கும்போது விதி மாறிவிட்டது. எங்கள் பக்கம் பஞ்சு எடுப்பு தை மாதத்தில் சூடு பிடிக்கும்போது ஆலைகளின் கிடங்குகள் ஓரளவு நிரம்பியிருக்கும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால்தான், ஆதரவு விலைக்குப் பருத்தி வாங்கும் மத்திய அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் முழு ஆதரவு விலை தரும். 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குவதே இல்லை. பனியிலும் மழையிலும் நனைந்த பஞ்சைக் காயவைக்கக் களமோ, விலை ஏறும்வரை இருப்பு வைக்கக் கையில் பணமோ இல்லாதவர், வியாபாரிகள் விலையை எழுதிக் கொடுக்கும் மறைமுக ஏலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.

இனி டாலர் கதை. 2025 தொடக்கத்தில் 85 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், டிசம்பரில் 90ஐக் கடந்தது. மூன்று டாலருக்குப் பேசிய ஒரு டி-சர்ட்டில் 15 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றும். பையரின் (வெளிநாட்டு வாங்குநரின்) ஏஜென்டுக்கும் அந்தக் கணக்கு தெரியும். அடுத்த ஆர்டருக்குப் பத்து சென்ட் குறைத்துத்தான் பேச்சையே தொடங்குவார். சாய ரசாயனங்களில் ஒரு பகுதியும், பின்னல் இயந்திர ஊசியும், உதிரிபாகமும் டாலரிலோ யூரோவிலோ வருகின்றன. முன்கூட்டியே வங்கியில் ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை முடிவு செய்யும் ஒப்பந்தம்) போட்டு டாலரை விற்றுவிட்டவருக்கு இந்த ஏற்றத்தால் ஒன்றுமே கிடையாது. பெரிய ஏற்றுமதியாளரிடம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் என்னைப் போன்றவர்கள் டாலரைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கூலி ரூபாயில், அதுவும் தவணையில்தான் வருகிறது. ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்யும் திட்டம் இருக்கிறதே என்பார்கள். உள்ளூர்க் கடையில் மூட்டைக் கணக்கில் நூல் வாங்குபவனுக்கு அது எட்டாது.

ரூபாய் சரிவு விவசாயிக்கு ஒருவகையில் வேலியாக நிற்கிறது. டாலர் விலை 85 ரூபாயிலிருந்து 90 ஆனால் வெளிநாட்டுப் பஞ்சு ஏறத்தாழ 6 சதவீதம் விலை கூடும். நீக்கப்பட்ட வரியில் பாதிக்கும் மேல் அதிலேயே ஈடாகிவிடும். ஆனால் முழுக்க இறக்குமதியாகும் பொட்டாஷ் உரமும், பெருமளவு இறக்குமதியாகும் டிஏபி உரமும், டீசலுக்கான கச்சா எண்ணெயும் அதே டாலரில்தான் வருகின்றன. விற்பனையில் கிடைத்தது இடுபொருளில் எவ்வளவு கரைந்தது என்பதைத் தம்பி அறுவடை முடிந்த பிறகுதான் அறிகிறார்.

எனவே மத்திய ஜவுளி, வேளாண், நிதி அமைச்சகங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அக்டோபரில் தொடங்கும் பருத்தி ஆண்டு முழுமைக்குமான இறக்குமதி வரியை, மே மாதத்தில் ஆதரவு விலையோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். இடையில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கான விதியும் முன்பே வெளியாக வேண்டும்: வரியில்லாமல் துறைமுகத்தில் இறங்கும் பஞ்சின் ரூபாய் விலை, ஆதரவு விலையை ஒட்டிய பஞ்சு விலைக்குக் கீழே போனால் வரி தானாக வரட்டும், குறிப்பிட்ட அளவு மேலே போனால் தானாக விலகட்டும். டாலர் ஏற்ற இறக்கமும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். இத்துடன், பெரம்பலூர்ப் பகுதியில் பஞ்சு வரத்து இருக்கும் மாதங்கள் முழுவதும் கழகத்தின் கொள்முதல் நடக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர்,
திருப்பூர்.