சிரட்டைத் தராசு

மக்கா,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

'மியூட்டினி ஆன் தி பவுண்டி' 1935 படத்தை மறுபடி பார்த்தேன். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. காலேஜ் நாளில் கிளார்க் கேபிள் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்தபோது நீ பெஞ்சில் ஏறி நின்று விசில் அடித்தாயே! நானும்தான் அடித்தேன். இந்தத் தடவை எனக்குக் கை தட்டவே தோன்றவில்லை.

பவுண்டி கப்பலின் கேப்டன் பிளையாக வரும் சார்லஸ் லாட்டன் நடிப்பில் குறையே கிடையாது. என் வருத்தமே அதுதான். அவர் நடித்த நடிப்பில் பிளை என்றாலே கொடியவன் என்று நிலைத்துவிட்டது. படத்தில் ஒருவனைக் கயிறு கட்டிக் கப்பலுக்கு அடியில் இழுக்கிறார்கள். நிஜமான பவுண்டி கப்பலில் அப்படி நடக்கவே இல்லை. அந்தக் காலத்துக் கேப்டன்களோடு பார்த்தால் பிளை சாட்டையைக் குறைவாகத்தான் எடுத்தார். நாக்குதான் பொல்லாதது, நாலு பேர் முன்னால் ஆளைக் கூசவைத்துவிடுவார். கலகக்காரர்களைப் பிடிக்க அவரே பண்டோரா கப்பலில் போவதாகவும் காட்டுகிறார்கள். போனது எட்வர்ட்ஸ் என்ற வேறு கேப்டன்.

அந்தப் படகுப் பயணத்தை மட்டும் நினைத்துப் பார். 1789 ஏப்ரல் 28. கப்பலைப் பிடித்த கலகக்காரர்கள் 23 அடிப் படகில் பிளையோடு 18 பேரை இறக்கிவிட்டார்கள். தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் ஒரு சாண்கூட இல்லை. கையில் கடல் வரைபடம் கிடையாது. இரண்டு சிரட்டையைத் தராசாக்கி, துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாக வைத்து, ரொட்டியை நிறுத்துக் கொடுத்தார். தோஃபுவா தீவில் அந்தத் தீவுக்காரர்கள் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். மற்ற எல்லாரையும் 47 நாளில், 3,600 கடல் மைலுக்கு மேல் கடந்து, தீமோர் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். படம் இதைக் காட்டத்தான் செய்கிறது, அதுவும் நன்றாகவே. ஆனாலும் ஜனங்கள் மனசில் நின்றது சாட்டைதான்.

நீ முப்பது வருஷம் கடலில் கிடந்தவன். பசியில் இருக்கிற ஆட்களுக்கு நடுவே அந்தத் தராசைக் கை நடுங்காமல் பிடிப்பது லேசான காரியமா? நீயே சொல்லு.

உன் பழைய கேப்டனை எத்தனை கடிதத்தில் வைதிருக்கிறாய்! அந்த வங்காள விரிகுடாப் புயலில் இரண்டு ராத்திரி பிரிட்ஜை விட்டு இறங்காமல் நின்றவரும் அவர்தானே? அவரைப் பற்றி விவரமாக எழுது மக்கா. உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரி.

காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். சுடவைத்துத் தேய்.

உன்
சண்முகம்