ஆனித் தேருக்குக் கடை ஊழியருக்கும் விடுமுறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்ற செய்தியை உங்கள் இதழில் படித்தேன். வருடாவருடம் வருகிற செய்திதான். பள்ளிக்கூடங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அந்த விடுமுறை. ஆனால் ரத வீதிகளில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று வேலைக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. தேர் கடை வாசலைத் தாண்டும்போது அவர்கள் கவுண்டரில்தான் நிற்கிறார்கள். ஊரே வடம் பிடிக்கிற நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் சேலையை விரித்து மடித்துக்கொண்டிருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவேடும் என் கை வழியாகப் போகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

தனியார் கடையில் லீவு என்பது முதலாளி பார்த்துக் கொடுப்பது என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள். முதலாளிகளில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. பெயரில் ‘தொழில் நிறுவனம்’ என்று இருப்பதால் ஆலைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். கடைகளும் அதில் அடக்கம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்கள், அவற்றோடு 5 பண்டிகை நாட்கள், ஆக வருடத்துக்கு 9 நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த 5 நாட்கள் எவை என்பதை முதலாளியையும் ஊழியர்களையும் கலந்துதான் தொழிலாளர் துறை ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

இந்தக் கலந்து பேசுவதுதான் நடப்பதே இல்லை. வருடப் பிறப்புக்கு முன்னால் போன வருடத்துப் பட்டியலையே தேதி மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். பல கடைகளில் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே ஊழியருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் டவுன் பிள்ளைகள் ஆனித் தேரைச் சொல்லியிருப்பார்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பங்குனி உத்திரத்தைச் சொல்லியிருப்பார்கள். சென்னையிலும் கோவையிலும் இருக்கிறவர்கள்கூட அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வண்டி பிடித்து வந்துவிடுகிறார்கள். பக்கத்து ஊரில் சாஸ்தாவை வைத்துக்கொண்டு ஜங்ஷன் கடையில் நிற்கிற பெண்ணால் போக முடிவதில்லை. அவள் வீட்டார் பொங்கல் வைத்து முடித்துத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு வேலை முடிகிறது.

தேரன்றைக்குத்தான் வியாபாரமே, கடையைச் சாத்தச் சொல்கிறீர்களா என்று அண்ணாச்சிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடையைச் சாத்த வேண்டியதில்லை. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் பதிலுக்குச் சம்பளத்தோடு இன்னொரு நாளும் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. நல்ல வியாபாரம் நடக்கிற நாளில் அதைக் கொடுப்பது ஒரு சுமையா? ஆளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைத் தேருக்கும் மீதிப் பேரை உத்திரத்துக்கும் அனுப்பலாம். எனக்குத் தெரிந்த ஒரு பாளையங்கோட்டைக் கடையில் மார்கழியிலேயே ஊழியர்களை உட்கார வைத்துப் பேசிப் பட்டியல் எழுதி, பில் போடும் இடத்துக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கடையும் நன்றாகத்தான் ஓடுகிறது.

இந்த 9 நாட்கள் போக, 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு; அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் வருடத்துக்கு 12 நாட்கள் வரை, தற்செயல் விடுப்பாக இன்னொரு 12 நாட்கள் வரை, இரண்டும் சம்பளத்தோடு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் அடுத்த வருடத்தில் மேலும் 12 நாட்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்கெல்லாம் சம்பளம் பிடிக்கிற கடைகள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு வருடம் முடித்துச் சேர்ந்த அந்த விடுப்பைக் கேட்டு, முதலாளி மறுத்து, அந்த நிலையிலேயே ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் அந்த நாட்களுக்கான பணத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும்.

லீவு கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் பெரிய பயம். வீட்டு வாடகையும் தம்பி தங்கச்சி படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கும்போது யார் வாய் திறப்பார்கள்? 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று 1947 சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. லீவு கேட்டது தகுந்த காரணம் ஆகாது. ஆனால் தனியாக ஒரு பெண் இதைச் சொல்லிக்கொண்டு முதலாளி முன்னால் நிற்க முடியாது என்பதையும் நான் அறிவேன். அதனால் இந்தப் பொறுப்பை ஊழியர் தலையில் போடுவது சரியில்லை.

தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கடை கடையாக ஆய்வு செய்து, விதி மீறிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்று பத்திரிகைகளுக்குச் செய்தி தருகிறார்கள். நல்ல வேலை. அதே ஆய்வைப் பண்டிகை நாட்களுக்கும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வந்ததும் கையெழுத்துப் போடாமல், ஊழியர்களிடம் கேட்டார்களா என்று கடைக்கு வந்து, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் விசாரிக்க வேண்டும். திருநெல்வேலிக் கடைகளின் 5 பண்டிகை நாட்களில் ஆனித் தேர் எத்தனை கடைகளில் இருக்கிறது என்று துறை கணக்கெடுத்து வெளியிட்டால், அடுத்த தேருக்குள் ரத வீதிக் கடைகளிலாவது இதைச் சரி செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு கடைக் கணக்கர்,
திருநெல்வேலி டவுன்.