செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: மறதி நோய்க் குழுவின் வேலைகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் நல்லபடியாக நடந்தன. மழைக்கு முன்பே வடிகால்களைத் தூர்வாரச் செய்தோம். தெற்குத் தெரு மட்டும் இந்த ஆண்டும் பாக்கி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்களுக்கான நம் குழுவுக்கு எடுத்துக்கொள்கிறேன். போன பொதுக்குழுவில் அதிகக் கேள்வி வந்தது அதைப் பற்றித்தான்.

மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுப்பது என்று அப்போது தீர்மானித்திருந்தோம். நோய் உள்ளவர்களின் வீட்டார் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள்: பகல்நேரப் பராமரிப்பு இல்லம், தெருமுனைகளில் கேமரா, கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை. மூன்றுமே தேவையானவைதான். இரவில் மூன்று முறை எழுந்து கதவைப் பூட்டிப் பார்க்கிறவர்கள் போட்ட பட்டியல் அது. மனு தயாரானதும் செயற்குழுவில் ஒரு அம்மா, "சம்பந்தப்பட்டவங்களையே ஒரு வார்த்தை கேட்கலாமே" என்றார். "கேட்டாலும் மறந்துடுவாங்களே" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், அவர்களைக் கேட்டுவிடுவது என்றே முடிவாயிற்று.

இது நம் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தில் 2002இலேயே இந்நோய் உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு பணிக்குழு அமைத்துக்கொண்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கிலப்புக்கும் அதே நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட செயல்திட்டமும் நோய் உள்ளவர்களின் பங்கேற்பை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஜப்பானில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், உள்ளாட்சிகள் மறதி நோய்க்குத் திட்டம் போடும்போது நோய் உள்ளவர்களையும் குடும்பத்தாரையும் கேட்க வேண்டும் என்கிறது. ஸ்காட்லாந்துக்கும் நம் வார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே நோய் கண்டறிந்த பிறகு ஓராண்டுக்கு வழிகாட்ட ஆள் தருவதாக அரசே உறுதி கொடுத்திருக்கிறது. இங்கே மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதற்கு எந்த ஊரிலும் பெரிய செலவு ஆகாது.

நோய் உள்ளவர்களைக் கூப்பிட்டதால் கூட்டத்தை நடத்தும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆனால் பலருக்குக் குழப்பம் கூடும் என்பதால் காலையில் வைத்தோம். மைக் இல்லை, மின்விசிறிச் சத்தம் குறைவான சின்ன அறை. ஒரு நேரத்தில் ஒரே விஷயம். அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தோம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், வீட்டார் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

நோய் உள்ளவர்கள் போட்ட பட்டியல் வேறு மாதிரி இருந்தது. பூங்காவுக்கு இரண்டு வாசல், இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட். மாறி வெளியே வந்தால் நேரே மெயின் ரோடு. தெருப் பெயர்ப் பலகைகள் வெளுத்துப்போய் வருஷக்கணக்காகிறது. வங்கியில் கேட்கும் கேள்வி புரிவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். சுகாதார நிலையத்தில் கழிப்பறை எந்தக் கதவு என்று தெரிவதில்லை. பத்து வருஷமாக இங்கே வேலை பார்த்த எனக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை.

அடையாள அட்டையை ஒருவர்கூட ஏற்கவில்லை. "நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்றார் ஓர் அம்மா. கேமரா பற்றி ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐயா சொன்னது: "அது பார்த்துக்கிட்டே இருக்கும், வீட்டுக்குக் கூட்டிட்டு வராது." பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. தொலைபேசி எண் எழுதிய சீட்டைச் சட்டைப் பைக்குள்ளோ பர்ஸிலோ வைத்துக்கொள்வது. மருந்துக் கடை, இஸ்திரி போடும் தம்பி, ஆட்டோ ஸ்டாண்டு இவர்களிடம் அவரவர் சம்மதத்தோடு சொல்லிவைப்பது.

தாயுமானவர் திட்டம் ஆகஸ்ட் மாதம் தொடங்கியதும் 70 வயதைக் கடந்தவர்கள் வீட்டுக்கே ரேஷன் பொருள் வர வழி பிறந்தது. கைரேகைக்காக அலைவது மிச்சம் என்று வீட்டாருக்கு மகிழ்ச்சி. ஒரு பெரியவர் மட்டும், தான் வெளியே போவதே ரேஷன் கடைக்குத்தான், அதுவும் போயிற்றே என்றார். இதற்குக் குழுவிடம் பதில் இல்லை. வீட்டாரோடு அவரும் கடைவரை நடந்துபோய் வருவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

இந்தப் பட்டியலோடு, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக்குப் போனோம். முதல் பொருளாகவே எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டிருந்தோம். கண்டக்டர் ஐயா அட்டையைப் பார்த்துப் பேசினார். நடுவில் நின்றுபோனார், யாரும் அவசரப்படுத்தவில்லை, தொடர்ந்து முடித்தார். பூங்கா வாசல் ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. பெயர்ப் பலகைகள் வந்துகொண்டிருக்கின்றன. பகல்நேர இல்லம் தீர்மானமாக மேலே போயிருக்கிறது, பதில் இல்லை. வீட்டாருடைய முக்கியக் கோரிக்கை அதுதான் என்பதால் விடப்போவதில்லை.

மனத்தாங்கலும் இருந்தது. சபையில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியதில் ஒரு குடும்பம் வருத்தப்பட்டு, மாமனாரைக் குழுவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. இனி இந்தக் குழுவின் கூட்டங்களில் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். நாடு தழுவிய ஆய்வு ஒன்று, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றது. நம் குழுவிலோ பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் ஆண்கள். தண்டவாளத்துக்கு அந்தப்புறக் குடியிருப்பிலிருந்து ஒருவரும் இல்லை. அங்கே நோய் இல்லாமல் இல்லை. 'வயசாயிடுச்சு' என்பதோடு நின்றுவிடுகிறது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் மூலம் தேடலாம் என்று சுகாதார நிலையத்தில் பேசியிருக்கிறோம்.

சட்ட விளக்கக் கூட்டம் ஒன்றும் நடந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். நோய் முற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது. வந்தவர்களில் பாதிப்பேர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள், அதுவும் நல்லதே.

கடைசியாக ஒரு துணைவிதித் திருத்தம். செயற்குழுவில் இரண்டு இடங்களை மறதி நோய் உள்ளவர்களுக்கு ஒதுக்கலாம் என்று குழு கேட்கிறது. உதவிக்கு ஒருவர் உடன் உட்காரலாம், ஆனால் வாக்கு நோய் உள்ளவருடையது. பொருளாளர் அறிக்கை முடிந்ததும் வாக்கெடுப்பு. சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை தூக்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்